உங்கள் நட்சத்திரம் முன்வகையா, பின்வகையா?

திருநெல்வேலிப் பக்கம் சொந்த நட்சத்திரம் தெரியாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் பேர் என்ன, நட்சத்திரம் என்ன என்றுதான் கேட்பார்கள். மகம், அனுஷம், சித்திரை என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அந்த அனுஷம் வானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கும். ஜாதகப் பலனுக்கும் இந்தக் கட்டுரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்த இருபத்தேழு பெயர்களுக்கும் பின்னால் நிஜமான விண்மீன்கள் உண்டு. வானியலில் புதிதாக நுழைகிறவர்களைக் குழப்பும் ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள அவை நன்றாக உதவும்.

அந்தச் சொல் 'ஏர்லி டைப் ஸ்டார்'. இங்கே அதை முன்வகை விண்மீன் என்று எழுதுகிறேன். அதற்கு எதிர்ச்சொல் 'லேட் டைப்', அதாவது பின்வகை. கேட்டவுடன், முதலில் பிறந்த பழைய விண்மீனாக இருக்குமோ என்று சிலருக்குத் தோன்றும். வளர்ச்சியின் தொடக்கத்தில் இருக்கும் இளம் விண்மீனோ என்று வேறு சிலர் நினைப்பார்கள். இரண்டும் இல்லை. முன்வகை என்றால் சூடு அதிகமான விண்மீன், பின்வகை என்றால் சூடு குறைந்த விண்மீன். காலத்தைச் சொல்வதுபோல் இருக்கும் ஒரு பெயர் வெப்பநிலையைத்தான் சொல்கிறது. இந்தக் குழறுபடிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

விண்மீனின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே விட்டால் வானவில் போல் விரியும். அந்த நிறமாலையின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் விண்மீனின் மேற்பரப்பில் இருக்கும் ஏதோ ஒரு தனிமம் ஒளியின் ஒரு துளியை விழுங்கியதன் அடையாளம். ஹைட்ரஜனுக்கு ஒரு கோட்டு வரிசை, கால்சியத்துக்கு இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் எட்வர்டு பிக்கரிங் தலைமையில் இந்த நிறமாலைகளைக் கண்ணாடித் தட்டுகளில் ஆயிரக்கணக்கில் படம் பிடித்துக் குவித்தார்கள். தட்டுகளை உற்றுப் பார்த்து வகை பிரித்தவர்கள் பெண்கள். அவர்களில் ஒருவர் வில்லியமினா ஃபிளெமிங். ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்து பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். அவர் வகைப்படுத்திய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் பட்டியல் 1890இல் வெளியானது. ஹைட்ரஜன் கோடுகள் மிக அழுத்தமாக இருந்தால் ஏ, அடுத்தது பி என்று ஆங்கில எழுத்து வரிசையில் அவர் வகைகளுக்குப் பெயர் வைத்திருந்தார்.

1901இல் ஆனி ஜம்ப் கேனன் இந்த வரிசையைக் கலைத்துப் போட்டார். ஹைட்ரஜன் கோடுகளை மட்டும் பார்க்காமல் எல்லாக் கோடுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு வகை அடுத்த வகையோடு பிசிறில்லாமல் சேரும் வேறொரு வரிசை கிடைத்தது. சில எழுத்துகள் தேவையில்லாமல் போயின. மிஞ்சியவை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம். எழுத்து வரிசை தாறுமாறாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு எழுத்தையும் 0 முதல் 9 வரை அவர் மேலும் பிரித்தார். பி0, பி1 என்று போய் பி9, அதற்கு அடுத்து ஏ0. 1918 முதல் 1924 வரை வெளியான ஹென்றி டிரேப்பர் பட்டியலில் 2,25,300 விண்மீன்களுக்கு இந்த முறையில் வகை குறிக்கப்பட்டது. இன்றைக்கும் அதே எழுத்துகள்தான். நம் சூரியன் ஜி2.

இந்த வரிசையின் இடது முனை ஏன் 'ஏர்லி' ஆனது? அந்தக் காலத்தில் விண்மீன் எதனால் ஒளிர்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாயுத் திரள் தன் சொந்த ஈர்ப்பால் சுருங்குகிறது, சுருங்கும்போது சூடாகிறது, பிறகு காலம் முழுக்க ஆறிக்கொண்டே போகிறது என்பது கெல்வின், ஹெல்ம்ஹோல்ட்ஸ் போன்றவர்களின் கணக்கு. 1874இலேயே ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல், வெள்ளை விண்மீன்கள் முதல் படி, மஞ்சள் அடுத்தது, சிவப்பு கடைசி என்று வகை பிரித்திருந்தார். எல்லா விண்மீனும் வெள்ளையாகப் பிறந்து சிவப்பாகச் சாகும் என்பது அதில் அடங்கியிருந்த நம்பிக்கை. ஓரியன் என்ற விண்மீன் தொகுதியில் இருக்கும் நீல விண்மீன்கள் வாயு மேகத்துக்குள்ளேயே கிடந்ததும் இதற்கு ஒத்துப்போனது. மேகத்திலிருந்து இப்போதுதான் திரண்டு வந்திருக்கின்றன, ஆகவே அவைதான் முதல் கட்டம் என்றார்கள். நார்மன் லாக்யர் போன்ற சிலர் வேறு மாதிரி சொன்னார்கள் என்றாலும் 'ஏர்லி', 'லேட்' என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

லாக்யர் பெயர் வந்ததால் ஒரு கிளைக்கதை. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். பிரான்சிலிருந்து வந்த பியர் ஜான்சன் அதை ஆந்திரத்தின் குண்டூரில் பார்த்தார். அந்தக் கிரகணத்தையொட்டிச் சூரிய ஒளியில் தென்பட்ட ஒரு மஞ்சள் கோடு அதுவரை பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. லாக்யர் அதற்குரிய புதுத் தனிமத்துக்கு ஹீலியம் என்று பெயரிட்டார். 1895இல் வில்லியம் ராம்சே அதைப் பூமியிலேயே பிரித்தெடுத்தார். அதற்குப் பிறகுதான் ஓரியனின் நீல விண்மீன்களில் தெரிந்த மர்மக் கோடுகளும் ஹீலியத்தினுடையவை என்று புரிந்தது. இன்று பி வகையின் முக்கிய அடையாளமே ஹீலியம் கோடுகள்தான்.

சரி, ஓ முதல் எம் வரை உண்மையில் மாறுவது என்ன? விடையைக் கொடுத்தவர் மேகநாத் சாகா. கொல்கத்தாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர் 1920இல் அயனியாதல் சமன்பாட்டை வெளியிட்டார். சூடு ஏற ஏற அணுக்கள் தங்கள் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இழக்கும். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு பங்கு அணுக்கள் இழந்திருக்கும் என்று அந்தச் சமன்பாடு கணக்குப் போட்டுச் சொல்லும். அப்படி எலக்ட்ரானை இழந்த அணுதான் அயனி. அது நெல்லைக்குப் புதிய சங்கதி இல்லை. சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியனின் புறஊதாக் கதிர் நம் தலைக்கு மேலே காற்றணுக்களை அயனியாக்குவதால் உண்டாகும் அடுக்கை அங்கே ஆராய்கிறார்கள். காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போவதுதான் அந்த ஆய்வுக்கூடம் இங்கே அமைந்ததற்குக் காரணம்.

சாகாவின் கணக்கை வைத்துப் பார்த்தால் கோடுகளின் புதிர் அவிழ்ந்துவிடும். ஹைட்ரஜன் கோடுகள் மிக அழுத்தமாகத் தெரிவது சுமார் 10,000 கெல்வின் வெப்பநிலையில். அது ஏ வகை. அதைவிடச் சூடான ஓ, பி வகைகளில் கோடு மங்குவது ஹைட்ரஜன் குறைவாக இருப்பதால் அல்ல. பெரும்பாலான ஹைட்ரஜன் அணுக்கள் எலக்ட்ரானை இழந்துவிட்டன, கோடு போட அவற்றிடம் ஒன்றும் இல்லை. சூரியனைப் போன்ற குளிர்ந்த விண்மீன்களில் அணுக்களைத் தூண்டும் அளவுக்குச் சூடு போதவில்லை. சாகாவின் வழியில் போன சிசிலியா பெய்ன், எல்லா விண்மீன்களும் ஏறத்தாழ ஒரே சரக்கால் ஆனவை, அதில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் மிக மிக அதிகம் என்று 1925இல் தன் ஆய்வேட்டில் காட்டினார். ஆகவே ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்பது சுத்தமான வெப்பநிலை வரிசை. ஓ வகை 30,000 கெல்வினுக்கு மேல். பி வகை 10,000 முதல் 30,000 வரை. ஏ வகை 7,500 வரை இறங்கும். சூரியன் கிட்டத்தட்ட 5,800. எம் வகை 3,700க்கும் கீழே.

ஆறிப்போகும் கதையும் அதே காலத்தில் சரிந்தது. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதுதான் விண்மீன்களின் ஆற்றலாக இருக்க வேண்டும் என்று 1920இல் ஆர்தர் எடிங்டன் சொன்னார். 1930களின் கடைசியில் ஹான்ஸ் பெத்தே அந்த வினைகளை விவரமாக எழுதிக் காட்டினார். மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதிக்கும்போது ஹைட்ரஜன் எரிவது வேதிவினை. கூடங்குளத்தில் யுரேனியக் கரு பிளக்கிறது. விண்மீனின் நடுவில் நடப்பது இரண்டும் இல்லை, ஹைட்ரஜன் கருக்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. இந்த உலை வாழ்நாளின் பெரும்பகுதிக்கும் விண்மீனை ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்திருக்கும். எந்த நிலையில் என்பதைப் பிறக்கும்போது கிடைத்த நிறை முடிவு செய்துவிடுகிறது.

வானம் பார்க்கக் கூடும் இடங்களில் பையன்கள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "அண்ணாச்சி, அப்ப நம்ம சூரியனும் ஒரு காலத்துல ஓ வகையா இருந்து ஆறிப்போனதுதானா?" இல்லை தம்பி. சூரியன் ஜி வகையாகத்தான் தன் உலையைப் பற்றவைத்தது, இன்னும் பல நூறு கோடி ஆண்டுகள் அப்படியேதான் இருக்கும். ஓ வகை விண்மீன் சூரியனின் சின்ன வயதுப் படம் அல்ல. பிறப்பிலேயே வேறு சாதி.

தத்துவம் பொய்த்த பிறகும் பெயர் மட்டும் ஏன் தங்கியது என்றால், பாளையங்கோட்டையில் கோட்டை எங்கே இருக்கிறது? பெரும்பகுதி இடித்தாகிவிட்டது. பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்கும்போது யாரும் அதை நினைப்பதில்லை. வானியலாளர்கள் 'ஏர்லி' என்று சொல்வதும் அப்படித்தான்.

இப்போது இருபத்தேழுக்கு வருவோம். எந்த நட்சத்திரத்துக்கு எந்த விண்மீன் என்பதில் சில இடங்களில் கருத்து வேறுபாடு உண்டு. பொதுவாகக் காட்டப்படும் விண்மீன்களையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். மிருகசீரிடத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்: ஓரியனின் தலைப்பக்கம் மங்கலாகத் தெரியும் அந்த விண்மீன் ஓ8, பட்டியலில் ஓ வகைக்கு அது ஒன்றுதான். சித்திரை பி1, நம்மிடமிருந்து சுமார் 250 ஒளியாண்டு. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அது இரட்டை, நான்கு நாளைக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி முடிக்கின்றன. அதில் பெரியது சூரியனைப் போல் பத்து மடங்குக்கு மேல் நிறை கொண்டது. மூலம், உத்திராடம், உத்திரட்டாதி எல்லாம் பி வகையின் சூடான பக்கம். மகமும் அஸ்தமும் பரணியும் பி8. கார்த்திகையின் ஆறு மீன்களும் பி வகை, சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் ஒரே மேகத்திலிருந்து பிறந்த கூட்டம். திருவோணம், உத்திரம், பூரம், விசாகம், அஸ்வினி, ரேவதி ஏ வகை.

அனுஷம் தனியாகச் சொல்ல வேண்டிய ஆள். விருச்சிகத்தின் நெற்றியில் நடுவே இருக்கும் இது பி0க்கு வெகு பக்கத்தில். 2000ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஓர் அமெச்சூர் வானியலாளர், இது வழக்கத்தைவிடப் பிரகாசமாக இருப்பதை வெறுங்கண்ணாலேயே கவனித்தார். வேகமாகச் சுழலும் இந்த விண்மீன் தன் இடுப்பைச் சுற்றி வாயுவை வீசியெறிந்து ஒரு வட்டத் தட்டை உண்டாக்கிக்கொண்டிருந்தது. வானத்தில் மாற்றம் கண்டுபிடிக்கப் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்பதில்லை, எப்படி இருந்தது என்ற ஞாபகம் இருந்தால் போதும்.

பின்வகைப் பக்கம் ரோகிணி கே5, சுவாதியும் பூசமும் பூராடமும் கே, கேட்டையும் சதயமும் எம். புனர்பூசம் என்று காட்டும் இரண்டில் ஒன்று கே, மற்றது ஏ. அவிட்டம் எஃப், இரண்டுக்கும் நடுவே.

எண்ணிப் பார்த்தால் பாதிக்கும் மேல் முன்வகை. ஆனால் பால்வீதியில் முன்வகை அபூர்வம். விண்மீன்களில் ஏறத்தாழ முக்கால்வாசி எம் வகைக் குட்டி விண்மீன்கள். அவற்றில் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஓ வகையோ லட்சத்தில் ஒன்றுகூடத் தேறாது. இருந்தும் நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருந்துகொண்டே நம் கண்ணில் படும் அளவுக்கு அவை ஒளியைக் கொட்டுகின்றன. நாம் பார்க்கும் வானம் ஊரின் உண்மையான மக்கள்தொகை அல்ல.

அந்த ஒளிக்கு விலை உண்டு. சூரியனைப் போல் இருபது மடங்கு நிறை என்றால் எரிபொருளும் இருபது மடங்குதான். செலவோ பல்லாயிரம் மடங்கு. சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு. இருபது மடங்கு நிறை கொண்ட விண்மீனுக்கு 1 கோடி ஆண்டு கிடைத்தாலே பெரிது. பிறந்த மேகத்தை விட்டு நகர்வதற்கு முன்பே கதை முடிந்துவிடும். ஓரியனின் நீல விண்மீன்கள் மேகத்தோடு ஒட்டியிருப்பதற்கு உண்மையான காரணம் இதுதான். இப்போது கண்ணில் படும் ஓ வகை விண்மீன் எதுவும் வயதில் இளையது, ஏனென்றால் வயதான ஓ வகை என்று ஒன்று இருக்கவே முடியாது. ஆக 'ஏர்லி' என்று பெயர் வைத்தவர்கள் இளமை என்று நினைத்தது இந்த ஒரு மூலையில் பலித்துவிட்டது, அவர்கள் சொன்ன காரணம் மட்டும்தான் வேறு.

கனமான முன்வகை விண்மீன்களுக்கு இன்னொரு குணம் காற்று. சூரியனும் துகள்களை வீசுகிறது, நொடிக்கு 400 கிலோமீட்டர் போல. ஓ வகையில் புறஊதா ஒளியே வாயுவை நெட்டித் தள்ளுகிறது. பப்பிஸ் தொகுதியில் நாவோஸ் என்ற ஓ4 விண்மீனின் காற்று நொடிக்கு 2,000 கிலோமீட்டரைத் தாண்டும். அது ஒவ்வோர் ஆண்டும் இழக்கும் நிறை, சூரியன் இழப்பதைப்போல் கோடிக்கணக்கான மடங்கு. இந்தக் காற்றும் புறஊதாக் கதிரும் சேர்ந்து சுற்றியிருக்கும் மேகத்தைக் குடைந்து ஒளிர வைக்கும். ஓரியன் வாளில் மங்கலான புகைபோல் தெரிவது அப்படி ஒளிரும் மேகம்தான்.

சுழற்சிதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி. சூரியன் ஒருமுறை சுழல ஏறத்தாழ 25 நாள். திருவோணத்துக்கு ஒன்பது மணி நேரம் போதும். மகம் ஒரு நாளுக்குள் சுழன்றுவிடுகிறது. இரண்டும் இடுப்பில் புடைத்து, துருவத்தில் தட்டையாகிக் கிடக்கின்றன. சுமார் 6,500 கெல்வினுக்குக் கீழே இருக்கும் விண்மீன்களின் வெளி அடுக்கு கொதித்துப் புரண்டுகொண்டே இருக்கும். அந்தப் புரளலில் காந்தப்புலம் உண்டாகும். காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும் காற்று விண்மீனின் சுழற்சிக்குப் பிரேக் போட்டுவிடும். சூடான விண்மீன்களில் வெளி அடுக்கு இப்படிப் புரள்வதில்லை. பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பிரேக்கும் இல்லை. எஃப் வகையின் நடுவில் இந்த மாற்றம் சட்டென்று நிகழ்கிறது. முன்வகை, பின்வகை என்ற பிரிப்பை வானியலாளர்கள் கைவிடாததற்கு வெறும் பழக்கம் மட்டும் காரணமல்ல. அந்த எல்லைக்கு இரு பக்கமும் விண்மீன்களின் உள்ளமைப்பே வேறு.

எல்லையிலேயே உட்கார்ந்திருப்பவர் நம்ம ஊர்க்காரர். பொதிகை மலைக்கு உரிய அகத்தியர் பெயரில் வழங்கும் விண்மீன்தான் கானோப்பஸ், வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீன். அதன் வகையை ஏ9 என்றும் எஃப்0 என்றும் இரண்டு விதமாகவும் குறிக்கிறார்கள். ஓ, பி, ஏ மூன்றும் முன்வகை என்பதில் பெரிதாகச் சண்டை இல்லை. எஃப் வகையின் முதல் பாதியையும் சேர்ப்பவர்கள் உண்டு. அப்படிச் சேர்த்தால் அகத்தியரும் முன்வகை. கனமான விண்மீன்களை மட்டும் ஆராய்பவர்களோ ஏ வகையையே வெளியே நிறுத்திவிட்டு ஓ, பி இரண்டை மட்டும் முன்வகை என்பார்கள். எனவே ஒரு கட்டுரையைப் படிக்கும்போது எழுதியவர் கோட்டை எங்கே போட்டிருக்கிறார் என்று முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

சூடான, கனமான விண்மீன் என்றால் முன்வகை என்று பல இடங்களில் சுருக்கமாக எழுதியிருப்பார்கள். பாதி சரி. சிரியஸ் ஏ1, சந்தேகமில்லாத முன்வகை, ஆனால் சூரியனைப் போல் இரண்டு மடங்கு நிறைதான். வானியலில் கனமான விண்மீன் என்று பெயர் வாங்க எட்டு மடங்காவது வேண்டும். சிரியஸைச் சுற்றிவரும் சின்ன வெள்ளைக் குள்ளன் 25,000 கெல்வின் சூடு. அதை யாரும் முன்வகை என்று சொல்வதில்லை, அது செத்த விண்மீனின் மிச்சக் கரு.

மறுபக்கம் திருவாதிரை. மார்கழியில் தாமிர சபையிலும் செப்பறையிலும் கூத்தனுக்குக் கொண்டாடும் அந்த நட்சத்திரம் பெட்டல்ஜூஸ். நிறை சூரியனைப் போல் பத்து மடங்குக்கு மேல், பிரகாசமும் பல்லாயிரம் மடங்கு, ஆனாலும் எம் வகை. பின்வகையிலும் பின்வகை. இது பிறந்தபோது ஓ அல்லது பி வகையின் சூடான முனையில்தான் இருந்திருக்க வேண்டும். கருவில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் வெளி அடுக்குகள் ஊதிப் பெருத்து, மேற்பரப்பு ஆறிச் சிவந்துவிட்டது. வயது 1 கோடி ஆண்டு அளவுதான், சூரியனின் வயதில் நானூறில் ஒரு பங்குகூட இல்லை. முன்வகை பின்வகையாக மாறுகிறது என்று பழையவர்கள் சொன்னது இங்கே நிஜமாகவே நடந்திருக்கிறது. ஆனால் ஆறியது மேல்தோல் மட்டும், நடுவில் உலை முன்னைவிடச் சூடு.

இப்படி ஊதிய பிறகு மறுபடி நீலமாக மாறுபவையும் உண்டு. 1987 பிப்ரவரியில், பால்வீதிக்குப் பக்கத்து விண்மீன் திரளான பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த சூப்பர்நோவாவின் பழைய படங்களைத் தேடியபோது, வெடித்தது பி3 வகை நீலப் பெருவிண்மீன் என்று தெரிந்தது. சிவப்பானவைதான் வெடிக்கும் என்று நம்பியிருந்தவர்கள் கணக்கைத் திருத்த வேண்டியதாயிற்று.

பேச்சு வழக்கில் இந்தச் சொல் இன்னும் நீளும். 'ஏர்லி பி' என்றால் பி0 முதல் பி3 வரை, 'லேட் பி' என்றால் பி7 முதல் பி9 வரை என்ற அளவில் சொல்வார்கள். பி2, பி5ஐவிட 'ஏர்லியர்' என்றால் அதிகச் சூடு என்று மட்டும் அர்த்தம். சூரியன் மொத்தத்தில் முன்வகை இல்லை, ஆனால் ஜி2 என்பதால் 'ஏர்லி ஜி'. 'ஓபி அசோசியேஷன்' என்று வந்தால் ஒன்றாகப் பிறந்து மெல்லக் கலைந்துகொண்டிருக்கும் ஓ, பி விண்மீன்களின் கூட்டம். 1947இல் விக்டர் அம்பார்ட்சுமியான் இந்தக் கூட்டங்களைத் தனியாக அடையாளம் காட்டினார். 1951இல் வில்லியம் மார்கன் அவற்றின் தூரங்களைக் குறித்து வைத்துப் பால்வீதியின் சுருள் கைகளை முதன்முதலாக வரைந்தார். சீக்கிரம் சாவதால் பிறந்த இடத்தை விட்டு அவை விலகுவதில்லை, அதனால்தான் அந்த வரைபடம் சாத்தியமானது.

இதையெல்லாம் நேரில் பார்க்க நெல்லையைவிட வசதியான இடங்கள் தமிழ்நாட்டிலேயே குறைவு. நாம் இருப்பது கிட்டத்தட்ட 8.7 பாகை வட அகலாங்கில். டெல்லிக்காரர்கள் எட்டிப் பார்க்க வேண்டிய தென் வானம் நமக்குச் சாதாரணமாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை, மாசி இரவுகளில் தெற்கே கடல் திறந்திருக்கும் உவரி, இடிந்தகரைப் பக்கம் போனால் நல்லது. கடலோரப் புழுதிக்கும் ஈரத்துக்கும் மேலே பார்க்க வேண்டும், அடிவானத்தில் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும். மாசியில் ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே தலையைத் தூக்கினால் அகத்தியர் பளிச்சென்று நிற்பார். அவருக்குக் கிழக்கே கொஞ்சம் உயரத்தில் நாவோஸ். அதற்குக் கீழே காமா வேலோரம்: ஓ வகை ஒன்றும், வெளித்தோலையே காற்றில் இழந்துவிட்ட வுல்ஃப்-ராயே வகை விண்மீன் ஒன்றும் ஒன்றையொன்று சுற்றும் ஜோடி. வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளிதான், ஆனால் இந்த அபூர்வ வகையில் இவ்வளவு பிரகாசமானது வேறு இல்லை.

சித்திரைக் கடைசியில், ஒன்பது மணி சுமாருக்கு, நேர் தெற்கே தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் நான்கு பெரிய விண்மீன்களில் மூன்று பி வகை, உச்சியில் இருப்பது மட்டும் எம் வகை. பைனாகுலர் இருந்தால் நிற வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இடப்பக்கம் இரண்டு பிரகாசமான விண்மீன்கள். சிலுவைக்குப் பக்கத்தில் இருப்பது ஹடார், பி1. தள்ளி இருப்பது ஆல்ஃபா செண்டாரி, சூரியனைப் போலவே ஜி2. பிரகாசத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆல்ஃபா செண்டாரி 4.4 ஒளியாண்டு, ஹடார் ஏறத்தாழ 390 ஒளியாண்டு. முன்வகை என்றால் என்ன என்று ஒரே பார்வையில் காட்ட இந்த ஜோடியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு பொறி. விண்மீன்களிடமிருந்து கேலக்ஸிகளுக்கு, அதாவது நம் பால்வீதி போன்ற விண்மீன் திரள்களுக்குப் போனால் இதே சொற்கள் வேறு வேடத்தில் வரும். 1920களில் எட்வின் ஹபிள் கேலக்ஸிகளை வகைப்படுத்தியபோது, எளிய வடிவமுள்ள நீள்வட்டக் கேலக்ஸிகளை 'ஏர்லி' என்றும் சுருள் விரிந்தவற்றை 'லேட்' என்றும் அழைத்தார். இதில் காலத்தைத் தேடாதீர்கள் என்று அவரே எச்சரித்திருந்தார். சிக்கல் என்னவென்றால், நீள்வட்டக் கேலக்ஸிகளில் புதிய விண்மீன் பிறப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆகவே அங்கே ஓ, பி விண்மீன்களைக் காண்பது அரிது, ஒளியின் பெரும்பங்கு வயதான கே வகைப் பெருவிண்மீன்களுடையது. 2019இல் கருந்துளைப் படம் வெளியானதே, எம்87, அது ஓர் 'ஏர்லி டைப் கேலக்ஸி', அதில் ஒளிர்பவையோ பெரும்பாலும் 'லேட் டைப்' விண்மீன்கள். தலைப்பில் 'ஏர்லி டைப்' என்று பார்த்தால், அடுத்து வருவது ஸ்டாரா கேலக்ஸியா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.